துணிக்கேத்த பொம்மை

சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க பார்ப்போம். பசிச்சா சாப்பிட விடாது. கீழ விழுந்ததைக் குனிஞ்சு எடுக்க விடாது. பலமா சிரிச்சா விலாவைக் குத்தும். ஆனாலும் காலையில எந்திரிச்சதும் ஆளைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கு, இன்னும் கொஞ்சம் இறுக்குன்னு சொல்லிக் கட்டிக்குவாங்க. அது என்ன?

மாமியாரா. இல்ல தம்பி. நல்ல பதில்தான், ஆனா மாமியாரை யாரும் இறுக்கச் சொல்லிக் கட்டிக்க மாட்டாங்க.

இடுப்புக் கச்சை. அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பொம்பளைங்க பாவாடைக்குள்ள கட்டினது. திமிங்கலத்தோட வாயில வளையிற பட்டை ஒண்ணு இருக்கும், அதை வரிசையா வெச்சுத் தைச்சு, முதுகுப் பக்கம் கயிறு போட்டு இழுக்கிறது. கட்டி முடிச்சா இடுப்பு ஒரு கைக்குள்ள அடங்கின மாதிரி தெரியும். சோறு எங்க போகும்னு கேக்காதீங்க. போகாது.

நான் பழைய உடுப்பு மியூசியத்துல வேலை பாக்குறேன். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி பக்கத்துலயும் சின்னப் பசங்களுக்குன்னு ஒரு விடுகதை அட்டை தொங்கும். அதெல்லாம் நான் எழுதுறதுதான். எழுதினதும் மொதல்ல என் பொண்ணுகிட்ட போட்டுப் பார்ப்பேன். உடனே பதில் சொல்லிட்டான்னா ரொம்ப சுலபம்னு கிழிச்சுடுவேன். முழிச்சான்னா ரொம்பக் கஷ்டம்னு கிழிச்சுடுவேன். தெரியும் ஆனா சொல்ல மாட்டேன்னு ஒரு ரகம் இருக்கு பாருங்க, அதைத்தான் தொங்க விடறது.

அவதான் உள்ள இருக்கா. அந்தக் கதவுக்குப் பின்னால. டாக்டரும் அவளும் மட்டும்.

என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அனுப்பிட்டாங்கன்னா கோவமா இல்ல, மரியாதையாத்தான். டாக்டர் அவகிட்ட ஒரு கேள்வி கேட்டா நான் பதில் சொல்றேன். இன்னொண்ணு கேட்டா அதுக்கும் நான்தான் சொல்றேன். மூணாவது தடவை டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, அம்மா, வெளிய காத்தோட்டமா உக்காருங்க, நான் பாப்பாகூடத் தனியாப் பேசணும்னாங்க. இங்க எங்க காத்து இருக்கு. அந்த ஃபேனும் சுத்துறதுக்கு முன்னாடி யோசிக்குது.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கையில ஒரு விரல் கூட இருக்கு, அவ்வளவுதான். இடது கையில, சுண்டுவிரலுக்குப் பக்கத்துல இன்னொரு சுண்டுவிரல். உள்ள எலும்பு இருக்கு, மேல நகம் இருக்கு, கொஞ்சமா மடங்கும். பொறந்ததுல இருந்து இருக்கு. வலி கிடையாது. வெச்சுக்கிட்டாலும் தப்பில்ல, எடுத்தாலும் தப்பில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எடுக்கறதா இருந்தா வளர்றதுக்கு முன்னாடி எடுத்தா சுலபமாம். எடுத்த பிறகு மனசு மாறினா திரும்ப வெக்க முடியாது. அவளுக்கு ஒன்பது வயசாச்சு, அவளே சொல்லட்டும்னு முடிவு பண்ணினோம். அதான் இப்ப உள்ள நடக்குது.

நீங்க காதுக்கா வந்திருக்கீங்க. பார்த்ததுமே நினைச்சேன். கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். வளையம் போட்டுப் பெருசாக்கின அந்தக் காது ஓட்டையில என் சுண்டுவிரல் தாராளமாப் போகும். போட்டுப் பார்க்கல, கண்ணாலேயே அளந்தேன். வேலைப் பழக்கம். எதைப் பார்த்தாலும் அளவெடுப்பேன்.

தைச்சு மூடணுமா. ஏன், வேலைக்குப் போற இடத்துல ஏதாவது சொன்னாங்களா?

இல்லையா. பின்ன, கட்டிக்கப் போற பொண்ணு?

அலுத்துப் போச்சா. அது சரி. எங்க மியூசியத்துல எத்தனையோ படிச்சவங்க வந்து ஃபேஷன் ஏன் மாறுதுன்னு மணிக்கணக்காப் பேசியிருக்காங்க. இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்ல. அலுத்துப் போச்சு. நான் அட்டையில எழுதி வெக்கலாம்.

சொல்லப்போனா எல்லாமே அப்படித்தான். ஒரு காலத்துல ஐரோப்பாவுல ஆம்பளைங்க மூக்கு நீண்ட செருப்புப் போட்டாங்க. நீளம்னா சும்மா இல்ல, முன்னால ஒரு முழத்துக்குப் பக்கமா நீட்டிக்கிட்டுப் போகும். உள்ள காஞ்ச பாசியை அடைச்சு விறைப்பா வெச்சிருப்பாங்க. அதைப் போட்டுக்கிட்டு மாடிப்படி ஏற முடியாது. ஆனா ஏறாதவனுக்குத்தான் மதிப்பு. ஏறி இறங்கி வேலை பாக்குறவன் குட்டைச் செருப்புப் போடுவான். அப்புறம் எல்லாரும் நீளமாப் போட ஆரம்பிச்சதும், இன்ன அந்தஸ்துக்கு இவ்வளவு நீளந்தான்னு சட்டமே போட்டாங்க. ராஜாங்கத்துல வேற வேலை இல்லையான்னு கேக்காதீங்க. இருந்திருக்கும்.

பல்லைக் கறுப்பாக்கிக்கிட்டாங்களே, ஜப்பான்ல. இரும்பைப் புளிச்ச தண்ணியில ஊறப்போட்டு அந்தச் சாயத்தைப் பல்லுல பூசிக்கிறது. கல்யாணம் ஆன பொம்பளை வெள்ளைப் பல்லோட சிரிச்சா அரைகுறையா டிரஸ் பண்ணின மாதிரி. இப்ப இந்த ஆஸ்பத்திரியிலேயே கீழ்மாடியில பல்லை வெள்ளையாக்க வரிசையில நிக்கிறாங்க. நீங்க லிஃப்டுல வந்தீங்களா, அப்ப பார்த்திருக்க மாட்டீங்க.

அம்மைத் தழும்பு கதை கேட்டிருக்கீங்களா? மூஞ்சியில அம்மைத் தழும்பு இருந்தவங்க, கறுப்புப் பட்டுத் துணியைப் பொட்டளவு வெட்டி மேல ஒட்டி மறைச்சாங்க. வட்டமா, நட்சத்திரமா, பிறை நிலாவா. பார்க்க நல்லா இருக்கேன்னு தழும்பு இல்லாதவங்களும் ஒட்டிக்கிட்டாங்க. கடைசியில மூஞ்சி சுத்தமா இருந்தவங்க வெளிய வரவே கூச்சப்பட்டிருப்பாங்க.

இல்ல தம்பி, நான் எந்தப் பக்கமும் இல்ல. கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல. எடுக்கணும்னும் சொல்லல, வெச்சுக்கணும்னும் சொல்லல. நான் பேசுறதைக் கேட்டா அப்படித் தெரியுதா? இதெல்லாம் வரலாறு. நடந்ததைச் சொல்றேன்.

எங்களையும் நம்ப முடியாதுன்னு சொல்ல வந்தேன். எங்க மியூசியத்துக்கு ஒரு பெட்டி நிறைய சாமான் வந்துச்சு. அதுல குதிரை முடி அடைச்ச குட்டி மெத்தை ஒண்ணு, பிறை மாதிரி வளைஞ்சு, ரெண்டு பக்கமும் நாடா வெச்சது. நாங்க உக்காந்து யோசிச்சு, நாடாவைத் தாடைக்குக் கீழ கட்டி, பொம்மையோட தலையில வெச்சு, குளிர்காலத் தொப்பின்னு எழுதி வெச்சோம். வருஷக் கணக்கா இருந்துச்சு. எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் வேற மியூசியத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. பார்த்துட்டுப் பொம்மையை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. அப்புறம் என் காதோரம் வந்து, இது பின்பக்கம் பாவாடை தூக்கிக்கிட்டு நிக்கறதுக்காக இடுப்புக்குக் கீழ கட்டிக்கிறதும்மான்னாங்க.

எங்க மேலதிகாரி, சத்தம் போடாம கீழ இறக்குங்கன்னாரு. இறக்கினோம். அட்டையை மாத்தினோம். ஆனா அதுக்குள்ள காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு அதே மாதிரி ஒண்ணு தைச்சுத் தலையில கட்டிக்கிட்டு வந்து நிக்குது. நல்லா இருக்கான்னு என்னைக் கேட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா.

கதவு சத்தமா? இல்ல, அது பக்கத்து ரூம்.

என்ன கேட்டீங்க, ஸ்கூல்ல கேலி பண்றாங்களான்னா? பட்டப்பேரு உண்டு. பதினொண்ணு. பதினொண்ணு இங்க வா, பதினொண்ணு பந்தைப் போடு, இப்படி. இவ ஏன்னு கேட்டுட்டுத் திரும்பிப் பார்ப்பா. அழுதுட்டு வந்ததா ஒரு நாளும் இல்ல. அழாத பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன நினைக்கிறதுன்னு தெரியாது தம்பி. அழுதா தூக்கி வெச்சுக்கலாம்.

ஒரே ஒரு தடவை எனக்குக் கோவம் வந்துச்சு. மொதல் வகுப்புல விரல் விட்டுக் கூட்டுற கணக்கு. வலது கையில ஆரம்பிச்சு இடது கைக்கு வருவாங்க. விடை பத்துன்னு வர்ற கணக்குன்னா மத்தப் பசங்க கடைசி விரல்ல நிப்பாங்க. இவளும் கடைசி விரல்லதான் நிக்கிறா. ஒண்ணு கூட வருது. மிஸ் கூப்பிட்டு, உங்க பொண்ணு கணக்கு சரியாத்தான் போடுறா, கைதான் தப்பா இருக்குன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல. சிரிச்ச மூஞ்சியாத்தான் சொன்னாங்க. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் என் மூஞ்சி இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்குன்னு தெரிஞ்சுது.

அவங்க அப்பாவுக்கு எடுத்துடணும். மறைக்கல, நேராவே சொல்லுவாரு. நாளைக்கு அவ ஒரு இடத்துக்கு வேலை கேட்டுப் போனா, எதிர்ல இருக்கிறவன் மூஞ்சியைப் பார்க்காம கையைப் பார்ப்பான்னுவாரு. அதுவும் நியாயந்தான். நான் எதிர்த்துப் பேசினதில்ல. ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். அவகிட்ட யாரும் எதையும் திணிக்கக் கூடாது, ஜாடை மாடையாக்கூடப் பேசக் கூடாதுன்னு.

அடுத்த வாரமே அவரு அவளுக்குக் குளிருக்குப் போட ஒரு சோடி கையுறை வாங்கிட்டு வந்தாரு. கடையில விக்கிறது, அஞ்சு விரல் வெச்சது. ஒரு வார்த்தை பேசல பாருங்க. மேசை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டாரு. நானும் ஒரு வார்த்தை பேசல. இடது கையுறையைப் பிரிச்சு, அதே நிறத்துல நூல் தேடி, ஆறாவது விரல் ஒண்ணு பின்னி வெச்சுத் தைச்சேன். நல்ல வேலைப்பாடு, தைச்ச இடமே தெரியாது. அதே மேசையில அதே இடத்துல வெச்சேன். மறுநாள் குளிச்சுட்டு வந்து பார்த்தாரு. துண்டைக் காயப்போட்டாரு.

அவ போடுறதில்ல. குளிருன்னா கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டுக்குவா.

என் வேலைன்னா இந்த விடுகதை எழுதுறது மட்டும் இல்ல. அது சும்மா கூட. என் நிஜமான வேலை பொம்மைக்கு உடுப்பு மாட்டுறது. கேக்க சுலபமாத்தான் இருக்கும். பழைய உடுப்பு எந்தப் பொம்மைக்கும் சேராது. ஏன்னா அந்த உடுப்பு போட்ட உடம்பை மொதல்ல கச்சையால இறுக்கி, தோளைப் பின்னால இழுத்து, ஒரு வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் அளவே எடுத்திருப்பாங்க. இப்ப செய்யிற பொம்மைக்குத் தோள் அகலம், இடுப்பு பெருசு. அப்ப என்ன பண்றது? எங்க தொழில்ல ஒரே ஒரு சட்டம். துணியில கை வெக்கக் கூடாது. ஒரு தையல்கூடப் பிரிக்கக் கூடாது. பொம்மையைத்தான் வெட்டணும். ரம்பத்தால தோளைக் குறைக்கணும், அரத்தால இடுப்பைத் தேய்க்கணும், உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கணும். குழி விழுந்தா பஞ்சு வெச்சுக்கலாம். பாவாடை வழுக்கிக்கிட்டு இறங்குறவரைக்கும் வெட்டணும்.

ஸ்கூல் விட்டதும் அவ என் பட்டறைக்கு வந்துடுவா. மேசைக்கு அடியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. அன்னிக்கு நான் ஒரு பொம்மையைச் சாய்ச்சுப் போட்டு விலாப்பக்கம் அறுத்துக்கிட்டிருக்கேன். தூள் எல்லாம் அவ நோட்டு மேல விழுது. ஊதி விட்டுக்கிட்டே கேக்குறா, அம்மா, துணியைப் பிரிச்சுக் கொஞ்சம் பெருசாத் தைச்சா என்னன்னு. நான் சொல்லிக் குடுத்தேன். துணி பழசு, உலகத்துலேயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பொம்மை கடையில கிடைக்கும், வலிக்காது. அதனால பொம்மைதான் துணிக்கேத்த மாதிரி மாறணும்னு. நல்லா விளக்கமாத்தான் சொன்னேன். எனக்கே திருப்தியா இருந்துச்சு.

கொஞ்ச நேரம் எழுதினா. அப்புறம் மேசைக்கு அடியில இருந்தே கேக்குறா. அம்மா, நான் துணியா, பொம்மையா?

நான் என்ன சொன்னேன்னா கேக்குறீங்க? வா, பசிக்கும், வீட்டுக்குப் போகலாம்னேன்.

நீங்களே சொல்லுங்க, கையில ரம்பம் இருக்கு, என்ன பதில் சொல்ல முடியும்? அவளும் பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. மறுபடி கேக்கல. அவ ஒண்ணைக் கேட்டு நாம பதில் சொல்லலேன்னா ரெண்டாவது தடவை கேக்க மாட்டா. அந்தக் குணம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. என்கிட்ட இருந்து இல்ல. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? என்கிட்ட இருக்கு. இல்லையா, சரி.

எங்ககிட்ட ஒரு செருப்பு இருக்கு. பட்டுல பூவேலை பண்ணினது. இந்த உள்ளங்கையில வெச்சா விரலுக்கு வெளிய நீட்டாது. அவ மொதல்ல பார்த்தப்ப பாப்பா செருப்புன்னு நினைச்சா. இல்லம்மா, பெரிய பொம்பளையோடது, சீனாவுல அந்தக் காலத்துல சின்னப் பொண்ணுங்களுக்குப் பாதத்தை மடிச்சுத் துணியால கட்டிடுவாங்க, வளராமன்னேன். அவ அதைத் திருப்பி அடியைப் பார்த்தா. அடியில தேஞ்சிருக்கும். போட்டு நடந்திருக்காங்கல்ல. எந்த வயசுல கட்டுவாங்கன்னு கேட்டா. அஞ்சு, ஆறுன்னேன். யார் கட்டுவாங்கன்னா. அம்மாதான் கட்டுவாங்க, இல்லேன்னா வீட்டுல வேற பெரியவங்க யாராவதுன்னேன். பிள்ளை மேல பாசம் இல்லாமலா கட்டினாங்க, கட்டலேன்னா யாரும் கல்யாணம் கட்டிக்க மாட்டாங்கன்ற பயத்துலன்னேன். அதுக்கு அவ, அந்தப் பொண்ணைக் கேட்டாங்களான்னா.

கேட்டிருக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அன்னிக்கு மட்டும் பதில் சொல்லிட்டேன்.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நீங்களே துளைச்சுக்கிட்டீங்க, நீங்களே பெருசாக்கினீங்க, இப்ப நீங்களே மூடப் போறீங்க. ஒரு காதுக்குள்ள முழுசா ஒரு ராஜாங்கமே நடத்தி முடிச்சாச்சு. சிரிக்காதீங்க, பாராட்டித்தான் சொல்றேன். உங்க வீட்டுல திட்டினாங்களா?

திட்டினாங்களா. அது நல்லதுதான். திட்டுறதுன்னா நம்மளை ஒரு ஆளாப் பார்த்துப் பேசுறதுதானே.

கையையா? என்ன இருக்கு கையில? ஓ, இதுவா. நல்லாக் கவனிக்கிறீங்க தம்பி. இது அரம் பட்ட காயம் இல்ல. எங்க மியூசியத்துலயும் எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க, நானும் விட்டுட்டேன். இங்க பாருங்க, சுண்டுவிரலுக்குக் கீழ, ஓரத்துல. ஒரு பட்டாணி அளவுக்கு மேடா இருக்கும். தொட்டா வழவழன்னு இருக்கும்.

எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. அவளுக்கு இருக்கிற அதே இடத்துல. என்னுதுல எலும்பு இல்லையாம், சதைதானாம். பொறந்த அன்னிக்கே எங்க அம்மா அடியில நூலைச் சுத்தி இறுக்கிக் கட்டி விட்டுட்டாங்க. கறுத்து, காஞ்சு, தானா விழுந்துடுச்சாம். எங்க விழுந்துச்சுன்னு கேட்டேன் ஒரு தடவை. யாருக்கு ஞாபகம் இருக்குன்னாங்க. தொட்டில்லயா, குளிப்பாட்டுற இடத்துலயான்னு அவங்களுக்கே தெரியல. நல்லதுக்குத்தான் பண்ணினாங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல. ஸ்கூல்ல பட்டப்பேரு கிடையாது. கடையில போய்க் கையுறை வாங்கினா சரியா இருக்கும்.

அவளுக்குத் தெரியும். சின்னதுலயே சொல்லிட்டேன். தூங்குறப்ப இந்த மேட்டைத் தடவிக்கிட்டே தூங்குவா.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவே இல்ல தம்பி. என்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? வேலைக்கு நடுவுல, பாத்திரம் தேய்க்கிறப்ப, சும்மா பஸ்ஸுல போறப்ப யோசிப்பேன். எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேனா, இருக்கட்டும்னு சொல்லியிருப்பேனா. கண்டுபிடிக்கவே முடியல. அந்தக் கையோட இருந்தவ வேற ஆளு, நான் வேற ஆளு. அவகிட்ட போய்க் கேக்க முடியாது.

அப்புறம் இவ பொறந்தா. துணியை விலக்கிக் காட்டினாங்க. நான் பார்த்த உடனே நினைச்சது என்ன தெரியுமா? சரி, இப்பக் கேக்கலாம்.

அதான் இத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன். குழந்தையா இருக்கிறப்பவே எடுத்துடலாம்னு அவரு எவ்வளவோ சொன்னாரு. பேசத் தெரியட்டும், பேசத் தெரியட்டும்னு நான்தான் இழுத்துக்கிட்டே வந்தேன். அவளுக்காகத்தான்னு சொல்லிக்கிட்டு. இன்னிக்குக் காலையில பஸ்ஸுல அவ என் மடியில கையை வெச்சுக்கிட்டுத் தூங்குறா, அப்பத்தான் தோணுச்சு, இவளுக்காகவா கூட்டிட்டுப் போறோம், இல்ல என் சந்தேகத்தைத் தீர்த்துக்கவான்னு. பாதி வழியில இறங்கிடலாமான்னுகூட இருந்துச்சு. அதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துடுச்சு.

இருங்க. இப்பத் திறக்கிறது நம்ம கதவுதான். பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.

குடுங்க தம்பி, நன்றி. அவ பாத்ரூம் போயிருக்கா. அடுத்து நர்ஸ் உங்களைத்தான் கூப்பிடுவாங்க. பயப்படாதீங்க, ரொம்ப நல்ல டாக்டர்.

சொல்லிட்டா. டாக்டர் ரெண்டு தடவை கேட்டாங்களாம், ரெண்டு தடவையும் ஒரே பதில்தானாம். கேலி பண்றாங்கன்னுதான் சொல்றியான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டாளாம். அப்பா சொன்னாரா, அம்மா சொன்னாங்களான்னதுக்கும் இல்லன்னுட்டாளாம். பார்க்குல கம்பியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுவாங்க பாருங்க, அப்ப அது இடிச்சு இடிச்சு வலிக்குதாம். மூணாவது கம்பிக்கு மேல போக முடியலையாம். எனக்குத் தெரியாது. பார்க்குல நான் பெஞ்சுல உக்காந்து விடுகதை எழுதிக்கிட்டு இருப்பேன்.

லீவு விட்டதும் எடுத்துடச் சொல்லிட்டா.